எந்த ஏரி மீன்?

“எல்லா ஏரிக்கும் குடுத்தேம்மா. உங்க ஏரிக்கு மட்டும் ஏன் வேண்டாங்கிறீங்க?”

மாசிலாமணியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறையத் தண்ணீர். தண்ணீர் நிறைய விரல் நீள ஜிலேபி மீன் குஞ்சுகள்.

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் இரண்டு காரியம் செய்தார். வீட்டுத் தொட்டியில் ஜிலேபி வளர்த்து, ஊர் ஊராகப் போய் ஏரியில் விட்டார். மடுவங்கரை ஏரிக்கரையில் குடியிருக்கும் அஞ்சலையம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார்.

குருவுக்கு அவர் மகள் வயதுதான். அவர் “அம்மா” என்பார். குரு “அண்ணே” என்பார்.

“வேண்டாம்னு நான் எப்பண்ணே சொன்னேன்? விருந்து முடியட்டும். விடலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.”

குரு பையைத் தொட்டுப் பார்த்தார்.

“நிழல்ல வைங்க. பாவம், வாடிடும்.”

அன்று வருஷாந்திர விருந்து. சீடர்கள் அவரவர் ஊர் ஏரி மீனில் குழம்பு வைத்துக்கொண்டு வருவார்கள். குரு கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து, எந்த ஏரி என்று சொல்வார். தன் ஊர்ப் பேர் அவர் வாயால் வந்துவிட்டால், அந்தச் சீடருக்கு ஒரு வருஷத்துக்குத் தரையில் கால் பாவாது.

வடகரை என்றால் குரவை. சித்தேரி என்றால் விரால். மாசிலாமணியின் கொல்லமேடு என்றால் மீசைக் கெளுத்தி. குரு இதுவரை தவறியதே இல்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தூக்குவாளி திறந்தது.

“சித்தேரி.”

“வடகரைம்மா,” என்றார் வடகரை வடிவழகன்.

அடுத்தது.

“அப்ப இது கொல்லமேடு.”

“இதுதான் சித்தேரி,” என்றாள் சித்தேரி ராக்கம்மா. “ஆனாலும் அம்மா, இவ்வளவு மோசமா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அம்மாவுக்குச் சளி,” என்றார் மாசிலாமணி. “யாராவது மிளகு ரசம் வைங்க.”

குரு துண்டை அவிழ்த்து அவர் கண்ணில் கட்டினார்.

“உங்களுக்குச் சளி இல்லையே. நீங்க சொல்லுங்க.”

மாசிலாமணி ஒரு வாய் சாப்பிட்டார்.

“இது எங்க வீட்டுது. உப்பு கம்மி.”

“வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்,” என்றாள் பின்னாலிருந்து அவர் மனைவி.

“குழம்பைக் கேக்கலண்ணே. மீன் எந்த ஏரி?”

மென்றார்.

“ஜிலேபி.”

“பேரைக் கேக்கல. ஏரியைக் கேட்டேன்.”

குரு அடுத்த குழம்பை ஊட்டினார்.

“ஜிலேபி.”

அதற்கடுத்தது.

“இதுவும் ஜிலேபிதான்.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

“வடிவழகா, உங்க ஊர்க் குரவை எங்கப்பா?”

“இப்பல்லாம் வலையில குரவை விழறதில்லண்ணே. நீங்க விட்டதுதான் ஏரி முழுக்க மொய்க்குது. மத்த மீனோட முட்டையைக்கூட விட்டுவைக்கல.”

“ராக்கம்மா, சித்தேரி விரால்?”

“எங்களுக்கும் அதே கதிதான்.”

கொல்லமேட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

குரு எழுந்து போய்த் தன் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வந்தார். சின்னச் சின்ன மீன், தலையோடு, வாலோடு.

“அயிரை,” என்றார் மாசிலாமணி, விழுங்குவதற்கு முன்பே. “மடுவங்கரை. இந்த ஏரிதான். இன்னொரு கரண்டி போடுங்கம்மா.”

குரு போட்டார். அவர் தின்றார். பிறகுதான் துண்டை அவிழ்த்தார்.

ஏரியைப் பார்த்தார். நிழலில் இருந்த பையைப் பார்த்தார்.

“அம்மா, இந்தக் குஞ்சுங்கள என்ன பண்றது?”

“அப்பளம் பொரிச்ச எண்ணெய் இன்னும் சூடாத்தாண்ணே இருக்கு.”

மாசிலாமணி பையைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் நடந்தார். மனைவி மிளகாய்த்தூளோடு எழுந்தாள்.

“நீ உக்காரு,” என்றார். “உப்பு நான் போடுறேன்.”