வாயைத் திறக்காத பாடகன்

அரசரின் மைத்துனர் விசயரங்கர் ஒரே நாளில் பாடகராகிவிட்டார். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது வேலைக்காரன் சுடலை பக்கத்து அறையில் பாடினான். தெருவில் போனவர்கள் விசயரங்கர்தான் பாடுகிறார் என்று நினைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. பேர் பரவி, அரசரே சபையில் பாட அழைத்தார். சுடலையைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பாடச் சொல்லிவிட்டு, அவர் முன்னால் வாயசைத்தார். சபை சொக்கிப்போனது. மறுநாளும் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுப் பட்டம் தருவதாக அரசர் அறிவித்தார்.

"ஐயா, என் பேரையும் ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டான் சுடலை.

"சபையில் நீ வாயைத் திறந்தால் உன் வேலை போய்விடும்."

"சரிங்க ஐயா."

மறுநாள் விசயரங்கர் கண்ணை மூடி, வாயை அகலமாகத் திறந்தார். சத்தம் வரவில்லை. திரைப் பக்கம் திரும்பி, "பாடுடா," என்று முணுமுணுத்தார். அது அரசர் காதில் விழுந்தது. திரையை விலக்கச் சொன்னார். சுடலை உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் பேசாமல் இருக்கிறாய்? வாயைத் திற."

"மகாராஜா சொன்னதால் திறக்கிறேன். சபையில் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ஐயா சொல்லியிருக்கிறார். நான் பிள்ளைகுட்டிக்காரன்."

அரசர் மைத்துனரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அந்த வேலை போகட்டும்," என்றார் அரசர். "நீ இப்படி முன்னால் வந்து உட்கார்ந்து பாடு."