ஒரே ஓட்டில் போன நாணல் கரை

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பூங்காவில் ஒரு குளம். குளத்தின் நாணல் கரையில் செம்மூக்கி என்ற நீர்க்கோழியும், கொட்டாவி என்ற தவளையும் அண்டை அயலாக வாழ்ந்து வந்தன.

அடடா, அது என்ன நாணல்! இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். காற்று வந்தால் குளம் முழுக்கச் சலசலக்கும். நாரை துரத்தினாலும் நாய் துரத்தினாலும் அதற்குள் புகுந்துவிட்டால் போதும், உயிர் தப்பிவிடலாம். கொட்டாவியின் மனைவி வருஷா வருஷம் முட்டையிட்டதும் அந்த நாணலின் அடியில்தான்.

அந்த ஊர் மனிதர்கள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நகர மன்றத்துக்கு ஓட்டுப் போடுவார்கள். பூங்காவை ஒட்டிய மண்டபத்தில்தான் ஓட்டுச்சாவடி. பார்த்துப் பார்த்துக் குளத்துப் பிராணிகளும் அதைப் பழகிக்கொண்டன. குளத்துக்கு ஐந்து கரை. கரைக்கு ஓர் உறுப்பினர். ஒரு கரையில் என்ன நடக்க வேண்டும் என்பதை அந்தக் கரையின் உறுப்பினர்தான் முடிவு செய்வார்.

நாணல் கரைக்கு மூன்று தேர்தலாகச் செம்மூக்கிதான் உறுப்பினர். காலையில் ஒவ்வொரு வீடாகப் போய், "என்ன சேதி? எல்லாரும் சுகம்தானே?" என்று கேட்கும். ஒருமுறை தண்ணீர் வரும் குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று அடைத்துக்கொண்டது. செம்மூக்கி அந்தப் பாட்டிலின் மேலேயே மூன்று நாள் உட்கார்ந்து கத்தியது. பூங்காக்காரர் வந்து பாட்டிலை எடுத்த பிறகுதான் இறங்கியது. இனி அப்படி ஒரு உறுப்பினர் எங்கே கிடைக்கும்?

நான்காவது தேர்தலில் அதை எதிர்த்து ஒரு ஆண் வாத்து நின்றது. பெயர் பசுங்கழுத்தன். வேறு பூங்காவிலிருந்து புதிதாக வந்தது. நல்ல குரல்.

"இந்த நாணல் எதுக்குங்க?" என்று அது நாணல் கரையில் வீடு வீடாகக் கேட்டது. "ரொட்டி போட வர்ற மனுஷங்களுக்கு நம்ம முகமே தெரியல! என்னை ஜெயிக்க வைங்க. எதிர்க்கரைப் பெரிய வாத்துக் கூட்டத்தைக் கூப்பிட்டு நாணலை மேயவிடறேன். ஒரே மாசத்துல கரை பளிச்சுன்னு ஆயிடும். தினமும் ரொட்டி!"

கொட்டாவி விழுந்து விழுந்து சிரித்தது. "ரொட்டியா? அதை நம்பி யாரு ஓட்டுப் போடுவாங்க! அக்கா, நீங்க கவலையே படாதீங்க. எப்படியும் நீங்கதான்!"

"எப்படியும்னு சொல்லாதே கொட்டாவி. வந்து போடு," என்றது செம்மூக்கி.

அந்தக் குளத்தில் ஓட்டுப் போடும் விதமே தனி. காலைச் சேற்றில் தோய்த்து ஓர் இலையில் பதிக்க வேண்டும். பிறகு பிடித்த வேட்பாளரின் மரப்பொந்தில் இலையைப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்ற ரகசியம் எண்ணும் வரைக்கும்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. போட்டியிடுகிறவர்கள் தங்கள் ஓட்டை எதிராளிக்குத்தான் போடுவார்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்வது அங்கே வெட்கக்கேடு. அதனால்தான் முடிவு எப்படி வந்தாலும் மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. அப்படியும் ஒரு காலம் இருந்தது!

தேர்தல் நாள் வந்தது. கூடவே வெயிலும் வந்துவிட்டது! அந்த ஊரில் வெயில் அடிப்பது அபூர்வம். அடித்தால் யாருக்கும் வேலை ஓடாது. கொட்டாவியும் அதன் மனைவியும் இரண்டு தம்பிகளும் ஒரு கல்லின் மேல் ஏறிப் படுத்தார்கள்.

"ஓட்டுப் போட வேண்டாமா?" என்று மனைவி கேட்டது.

"போகலாம், போகலாம். இந்த வெயிலை விட்டா இனிமே எப்போ? அக்கா எப்படியும் ஜெயிச்சுடும்!" என்றது கொட்டாவி.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மரப்பொந்துகளை மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை எண்ணிக்கை. எண்ணுவது நாரை. மற்ற நாட்களில் அது தவளைகளுக்கு எமன். தேர்தல் நாளிலும் எண்ணும் நாளிலும் மட்டும் யாரையும் தொடாது. அதன் வயிற்றை நம்பாதவர்கள்கூட அதன் எண்ணிக்கையை நம்பினார்கள்.

மற்ற நான்கு கரை முடிவுகளும் சட்டென்று வந்துவிட்டன. கடைசியில் நாரை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நாணல் கரை! செம்மூக்கி, பதின்மூன்று. பசுங்கழுத்தன், பதினான்கு!"



"திரும்ப எண்ணுங்க!" என்று கொட்டாவி கத்தியது.

நாரை இலைகளை ஒவ்வொன்றாகக் கரையில் பரப்பி எண்ணியது. மறுபடியும் அதே கணக்கு. ஆனால் வாத்தின் குவியலில் இரண்டு இலைகளை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒன்றில் வாத்தின் சொந்தக் கால். இன்னொன்றில் நீண்ட விரல்கள் கொண்ட நீர்க்கோழியின் கால். அந்தக் குளத்தில் ஒரே ஒரு நீர்க்கோழிதான் இருந்தது.

"வெட்கமா இல்ல? உனக்கு நீயே போட்டுக்கிட்டியா?" என்று எல்லோரும் வாத்தின் மேல் பாய்ந்தார்கள்.

"எங்க பூங்காவுல அப்படித்தான்," என்று முணுமுணுத்தது வாத்து. அதன் பார்வை மட்டும் அந்த இரண்டாவது இலையை விட்டு நகரவில்லை.

நாரை செம்மூக்கியின் பக்கம் குனிந்தது. "இந்த இலையில் சேறு கொஞ்சம் கலைஞ்சிருக்கு. 'இது என் கால் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. செல்லாத ஓட்டுன்னு ஒதுக்கிடறேன். ரெண்டு பேரும் பதின்மூணு ஆயிடுவீங்க. சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம்."

"சொல்லுங்க அக்கா! சொல்லுங்க!" என்று கொட்டாவி துள்ளியது.

செம்மூக்கி அந்த இலையை வெகு நேரம் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது. "என் கால்தான். போட்டது போட்டதுதான்."

கொட்டாவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க மரியாதைக்கு எங்க வீட்டையா பலி கொடுப்பீங்க? நாணல் போனா என் குஞ்சுங்க எங்கே போகும்? ஒரே ஒரு ஓட்டு! அதைப் போய் எதிரிக்குக் கொடுத்துட்டீங்களே!"

நாரை பட்டியலைப் புரட்டியது. "நாணல் கரையில் மொத்தம் முப்பத்தொரு பேர். வந்தது இருபத்தேழு. வராதது நாலு." பிறகு தன் நீண்ட கழுத்தைத் திருப்பியது. "நாலும் தவளைங்க. நீங்க எங்கே போயிருந்தீங்க, கொட்டாவி?"

 

"வெயில் நல்லா இருந்துச்சு..." என்றது கொட்டாவி.

யாரும் சிரிக்கவில்லை. செம்மூக்கி கோபித்துக்கொள்ளவும் இல்லை. "சரி, போய்ச் சாப்பிடு. முகம் வாடிக் கிடக்கு," என்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கொட்டாவிக்குத் தோன்றியது.

பசுங்கழுத்தன் சொன்னதைச் செய்தது. பெரிய வாத்துகள் வந்து மேய்ந்தன. ஒரே மாதத்தில் கரை பளிச்சென்று ஆனது. ரொட்டியும் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் சலசலப்பு நின்றுவிட்டது. ஒளிய இடமில்லாமல் கொட்டாவியின் தம்பிகள் இருவரும் நாரையின் வாய்க்குள் போனார்கள். மறு வசந்தத்தில் இட்ட முட்டைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. கூடு கட்ட நாணல் இல்லாமல் செம்மூக்கி ஒரு விடியற்காலையில் கிளம்பி, ரயில் பாலத்துக்கு அப்பால் இருந்த கால்வாய்க்குப் போய்விட்டது. போகும்போதும் ஒவ்வொரு வீடாக நின்று, "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனது.

நான்கு வருஷம் ஓடியது. அடுத்த தேர்தல் நாளும் வந்தது. அன்றும் நல்ல வெயில். கொட்டாவி கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலைச் சேற்றில் தோய்த்து இலையில் பதித்து, அதை வாயில் கவ்விக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.

"ஏன் வந்தே? இந்தக் கரையில் போட்டியே இல்லை," என்றது நாரை. "நிற்க ஆள் கிடைக்கல. பசுங்கழுத்தன் ஒருத்தன்தான். வீட்டுக்குப் போ."

கொட்டாவி இலையைக் கீழே வைத்தது. அருகில் நின்ற பசுங்கழுத்தன் மெல்லச் சொன்னது:

"அவளோட இலையை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். மத்தவங்க எல்லாம் ரொட்டியை நினைச்சு எனக்குப் போட்டாங்க. நானும் என்னை நினைச்சுத்தான் போட்டுக்கிட்டேன். அவ ஒருத்திதான் எதையும் எதிர்பார்க்காம எனக்குப் போட்டா."

"அக்காவுக்குப் போட வேண்டியவன் நான்," என்றது கொட்டாவி. "நான் படுத்திருந்தேன்."

அது தன் இலையை எடுத்துக்கொண்டு, முன்பு நாணல் இருந்த இடத்துக்குப் போய்த் தண்ணீரில் விட்டது. தடுக்க ஒரு தண்டுகூட இல்லை. இலை நேரே நடுக்குளத்துக்கு மிதந்து போனது.

நமக்கு வேண்டியவர் எப்படியும் வென்றுவிடுவார் என்று நாம் சும்மா இருந்துவிட்டால், அவரைத் தோற்கடித்தது எதிரி அல்ல, நாமேதான்.