ஏரிக்கரையில் அடுக்கிய சம்பளம்

ரொம்பக் காலத்துக்கு முன்பு பெரியேரி நாட்டை வீரவிடங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்குக் கடுக்கன் பரிசளிப்பான். மாலையில் அதே காதை அறுக்கச் சொல்வான். அவன் எதிரே நிற்கும் எவருக்கும் காது குறுகுறுக்கும்.

அந்த நாட்டில் அறுபது பேர் கொண்ட சபை ஒன்று இருந்தது. சபை ஒப்பாமல் ஏரிக்கரையில் ஒரு கூடை மண்கூடப் போடக்கூடாது என்பது பழைய சட்டம். சபையாருக்கு ஆளுக்கு மாதம் பத்து மூட்டை நெல் சம்பளம். ஆனால் மூன்று மாதமாக அங்கே வேலை நடக்கவில்லை. ராஜாவை யார் முதலில் வணங்குவது என்று சண்டை. கூடுவார்கள், கத்துவார்கள், தலைப்பாகையைப் பிடித்து இழுப்பார்கள், கலைந்துவிடுவார்கள். பௌர்ணமியன்று மட்டும் சத்தமில்லாமல் வரிசையில் நின்று நெல் வாங்கிக்கொள்வார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏழு நாள் விடவில்லை. எட்டாம் நாள் காலை, ஏரி மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி வேலை பார்க்கும் மூக்காயி அரண்மனைக்கு ஓடி வந்தாள். புருஷன் செத்த பிறகு அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டவள் அவள். சேலை முழுக்கச் சேறு.

"ராசா, தெற்குக் கரை கசியுது. நேத்து விரல் கனம், இன்னிக்கு மணிக்கட்டுக் கனம். கரைக்குக் கீழ எங்க சேரி நாப்பது வீடு. எம் மக பிள்ளை பெத்து மூணு நாளாச்சு, எழுந்து நடக்க முடியாது. மண்ணு போட உத்தரவு குடுங்க."

"சபையைக் கேள்," என்றான் ராஜா.

"மழை பிடிச்சதுல இருந்து கேக்குறேன் சாமி. யார் முதல்ல கும்புடுறதுன்னு இன்னும் முடியலையாம்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் இந்த மாதம் எவனுக்கும் சம்பளம் கிடையாது."

சபைத் தலைவர் தாண்டவராயர் எழுந்தார். தன்னைத் தவிர வேறு யார் பேச்சையாவது ராஜா கேட்டால் அவருக்கு வயிறு எரியும். "மகாராஜா, பௌர்ணமியன்று நெல் அளந்தே தீரவேண்டும் என்பது உங்கள் பாட்டனார் சத்தியம் செய்த சட்டம். அதை மாற்ற அறுபது பேரும் ஒப்பவேண்டும். சபைதான் நடக்கவில்லையே."

ராஜா பல்லைக் கடித்தான். மூக்காயி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "குடுக்க வேண்டிய நெல்ல எங்க வச்சிக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்குதுங்களா?"

ஏட்டைப் புரட்டினார்கள். இல்லை.

"அப்ப நாளைக்கு ஏரிக்கரையில வச்சிக் குடுங்க ராசா. அடுக்குற வேலைய நாங்க பாத்துக்குறோம்."

ராஜா சிரித்துவிட்டான். தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. "கரை உடைந்தால் இவளையே உடைப்பில் வைத்து மண் மூட உத்தரவிடுங்கள். ஏரிக்குப் பலி கொடுத்த மாதிரியும் ஆகும்."

"ஆகட்டும்," என்றான் ராஜா, வெற்றிலையை மடித்தபடி. மூக்காயி மகளையும் பச்சைப் பிள்ளையையும் நினைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் பௌர்ணமி. ராஜா முன்னால் வர, சபையார் பல்லக்குகளில் ஏரிக்கு வந்தார்கள். கசிவின் மேல் அறுநூறு நெல் மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பெயர். மூட்டைகளுக்கு அப்பால் ஏரி கரை விளிம்பைத் தொட்டு நின்றது. கரைக்குள்ளிருந்து யாரோ பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அவங்கவங்க சம்பளத்த எடுத்துக்கோங்க சாமி. நெல்லு ஊறி உப்பி ஓட்டைய அடைச்சிருக்கு. எடுத்தா தண்ணி வரும். எடுக்கலன்னா மூணு நாள்ல முளைச்சிரும்."

ஒருவரும் அசையவில்லை. தாண்டவராயர் தன் ஆட்களை ஏவினார். அவர்கள் வீடும் அந்தச் சேரியில்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு சேரிக்காரி மிரட்டலுக்கு நான் பயப்படுவேனா?" என்று தாண்டவராயர் தானே இறங்கித் தன் பெயர் எழுதிய அடிமூட்டையைப் பிடித்து இழுத்தார்.

மூட்டை வந்தது. பின்னாலேயே தண்ணீர் தொடைக் கனத்துக்குப் பீறிட்டது. மேல்மூட்டைகள் சரிந்தன, கரை காலடியில் குழைந்தது. ஓடத் திரும்பிய சபையார் அப்போதுதான் பார்த்தார்கள்: திரும்பிப் போகும் பாதையும் கரைக்குக் கீழேதான். கீழே சேரியிலிருந்து பச்சைப் பிள்ளையின் அழுகுரல் கேட்டது. மூக்காயி பாய்ந்து தாண்டவராயரைப் பிடித்து ஓட்டைக்குள் தள்ளினாள்.

"முதுகக் குடுங்க சாமி. அசையாதீங்க."

தண்ணீர் நின்றது. தாண்டவராயரின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. ராஜா குனிந்து பார்த்தான். "நேற்று உடைப்பில் யாரை வைக்கச் சொன்னீர், தாண்டவராயரே?"

சபை அங்கேயே சேற்றில் கூடியது. யார் முதலில் வணங்கினார், யார் முதலில் பேசினார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வெற்றிலை மென்று துப்பும் நேரத்துக்குள் கல்லும் மண்ணும் ஆளும் கொண்டுவர உத்தரவு எழுதியாயிற்று.

"இன்னொன்று," என்றான் ராஜா. "சபை நடக்காத மாதம் சம்பளம் இல்லை. ஒப்புகிறீர்களா?"

ஐம்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. ஓட்டையிலிருந்து ஈனக் குரல் கேட்டது: "நானும் ஒப்புகிறேன். எதற்கென்று அப்புறம் சொல்லுங்கள். முதலில் மண்ணைக் கொண்டுவாருங்கள்."

மூன்றாம் நாள் கரை கட்டி முடிந்தது. மூட்டைகளைப் பிரித்தால் நெல்லெல்லாம் வெள்ளை முளை விட்டிருந்தது. சபையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டபோது, "இதத்தான் சாமி. சோத்துக்கு ஆவாது, ஆனா நாத்தங்காலுக்கு இப்படித்தான் வேணும்," என்றாள் மூக்காயி. சபையின் ஒரு மாதச் சம்பளம் சேரி வயல்களில் நாற்றாக எழுந்தது.

அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே சபையில் முதலில் எழுந்து "வேலையைப் பார்ப்போம்" என்பவர் தாண்டவராயர்தான். மூக்காயிக்கு மட்டும் பயம் போகவில்லை. சபை நடக்கிற நாட்களிலும், மழை பெய்தால் மண்வெட்டியோடு கரைமேல் வந்து நின்றுகொள்வாள்.