அண்ணாச்சியின் ஐம்பதாயிரம்

ஐம்பதாயிரம் எம்ஏஎச் மின்சக்தி என்று அச்சடித்த, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் மதுரை பேருந்து நிலையத்திலேயே தன் கடையில்தான் உண்டு என்பது தவசிமுத்து அண்ணாச்சியின் பெருமை. அவ்வளவு சக்தி உள்ளே இருந்தால் கனக்க வேண்டும்; கையில் எடுத்தால் அது அப்பளக் கட்டைவிட லேசு. இதை ஒரு வாடிக்கையாளரின் காதுபடச் சொன்னதில் விற்பனைப் பெண் செண்பகத்தின் வேலை ஊசலாடியது.

"அடுத்து வர்ற ஆளுக்குப் பவர் பேங்க் விக்கணும். பொருளைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொன்னே, நாளைக்கு வராதே."

வந்தவர் கையில் பயணப் பெட்டி இருந்தது. செண்பகம் பவர் பேங்கை அவரிடம் கொடுத்தாள்.

"ஐம்பதாயிரம் சார், அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான். எதுல போறீங்க?"

"டில்லிக்கு, ஃபிளைட்ல."

"அப்படின்னா விடமாட்டாங்களே சார். இவ்வளவு சக்தியுள்ளதை விமானத்துல ஏத்த மாட்டாங்க."

அவர் பவர் பேங்கைக் கீழே வைத்துவிட்டார். கைக்கு வந்த வியாபாரம் நழுவுவது அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க வேற சார், அது அட்டையில போட்டிருக்கிறது. உள்ளே அஞ்சாயிரம்கூட இருக்காது. தைரியமா கொண்டு போங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் ஒன்று வாங்கியிருந்தவர் அதைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

செண்பகம் கீழ்த்தட்டிலிருந்த கனமான பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்கை எடுத்துப் பயணியிடம் நீட்டினாள். "இதை விடுவாங்க சார்." அவர் வாங்கிக்கொண்டார்.

"வித்தாச்சு அண்ணாச்சி. குறையா நான் ஒரு வார்த்தை சொல்லலை. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"