பாதி உப்பு

மருத்துவக் கல்லூரி விடுதியில் சமையல் செய்பவள் பேச்சியம்மா. உடம்புக்கு ஏற்ற சமையலை வருங்கால டாக்டர்களுக்கு அவளே கற்றுத்தரட்டும் என்று கல்லூரி முடிவு செய்ததும் பேராசிரியர் ஞானசிகாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கரண்டி பிடிக்கிறவள் டாக்டருக்குப் பாடம் எடுப்பதா? மாணவர் பட்டாளத்தோடு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, நாளைக்குச் சாம்பார்ல உப்பு பாதிதான் இருக்கணும். ஒருத்தர் குறை சொன்னாலும் வகுப்பும் கிடையாது, வேலையும் கிடையாது.”

“சரிங்க சார். நீங்களும் வழக்கம்போலச் சாப்பிட வந்திருங்க.”

மறுநாள் இருநூறு பேர் சாப்பிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை சாம்பார் வாங்கிய பிறகுதான் பேராசிரியருக்குச் சந்தேகமே வந்தது.

“என்னை ஏமாத்தப் பாக்கிறியா? நேத்து இருந்த அதே உப்புதான இது?”

“அதேதான் சார். உப்பு ஆகாதுன்னு பொங்கலப்ப நீங்க பாடம் எடுத்தது ஜன்னல் வழியா என் காதுல விழுந்துச்சு. அப்ப அண்டாவுக்கு இருபத்தாறு ஸ்பூன் போட்டுட்டு இருந்தேன். வாரம் ஒரு ஸ்பூனாக் குறைச்சு, இப்பப் பதிமூணுல நிக்குது.”

மாணவர்கள் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா அன்னைக்கே உப்பு பத்தலைன்னிருப்பீங்க சார்.”

பேராசிரியர் அடுத்த கவளத்தை வாயில் வைத்தார். முகம் சுளித்தது. கை தானாக உப்புக் கிண்ணத்தைத் தேடிப் போனது.

பேச்சியம்மா மாணவர்கள் பக்கம் திரும்பினாள்.

“நல்லாப் பாத்துக்குங்க. வகுப்பு ஆரம்பிச்சிருச்சு.”