மனு நாள்

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். குருவுக்கு நாற்பது வயது. சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. வயது தலைகீழாக இருக்கிறதே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். ஞானத்துக்கு ஏது மூப்பு என்று மடத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

தெய்வசிகாமணி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவிழாத் தகராறில் ஒருவன் செத்துப்போக, போலீஸ் பிடித்துக்கொண்டு போன நாலு பேரில் அவருடைய ஒரே மகன் இளவழகனும் ஒருவன். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மகன் ஜெயிலுக்குப் போன மாதமே அப்பா மடத்துக்கு வந்து சேர்ந்தார். பற்று அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். ஒருமுறைகூட மகனைப் போய்ப் பார்த்ததில்லை. அறுந்ததா, அறுத்துக்கொண்டு ஓடி வந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

வாரம் தவறாமல் ஜெயிலுக்குப் போய்வந்தது அவர் மனைவி குஞ்சம்மாள்தான்.

ஒருநாள் காலையில் மடத்துக்குப் போன் வந்தது. குஞ்சம்மாள் பேசினாள்.

"கால் வீங்கிக் கெடக்கு. தரையில ஊன முடியல. இன்னிக்கு மனு நாளு, ஜெயில்ல புள்ளயப் பாக்க விடுற நாளு. நான் போகாட்டி அந்தப் புள்ள கம்பியவே பாத்துக்கிட்டு நிக்கும். நீங்க போங்க. 'அம்மாவுக்குக் கால் வீக்கம், வேற ஒண்ணும் இல்ல'ன்னு முதல்ல சொல்லிடுங்க. மத்த பேச்செல்லாம் அப்புறம் பேசுங்க."

போனை வைத்துவிட்டுத் தெய்வசிகாமணி குருவிடம் வந்தார்.

"சாமி, எனக்குப் பயமா இருக்கு."

"எதைக் கண்டு?"

"அவன் மூஞ்சியப் பாத்தா, நீ செஞ்சியாடான்னு கேட்டுடுவேன். கேட்டா பதில் சொல்லிடுவான். அந்தப் பதிலுக்குத்தான் பயப்படுறேன். இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஜெயில் வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரிகள், வக்கீலின் ஆட்கள், பிஸ்கட் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நின்ற கிழவர்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு எல்லோரும் பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். தன் பஸ்ஸில் ஏறியவர்கள் யாராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார்களே என்று தெய்வசிகாமணி துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் தன் பெயர் வராமலே போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார். கோயிலில்கூட அவர் அவ்வளவு மனமுருகி வேண்டியது கிடையாது.

பெயர் வந்தது.

"சொந்தக்காரங்க மட்டும்தான்" என்றான் வாசலில் நின்ற வார்டர். குரு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பெரியவரே, துண்ட எடுங்க. கையத் தூக்குங்க."

தடவிப் பார்த்தார்கள். கொண்டுபோன வாழைப்பழத்தைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பன்னை இரண்டாகப் பிய்த்தார்கள். மணிக்கட்டில் ஒரு முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். அந்த முத்திரை அழிந்துவிட்டால் தன்னையும் உள்ளேயே வைத்துக்கொள்வார்களோ என்று கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அவர் திரும்பி வர அதிக நேரம் ஆகவில்லை. முகம் வெளிறியிருந்தது. வந்தவர் மரத்தடியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது சாமி. செஞ்சது அவன்தான்."

"கேட்டீங்களா?"

"கேக்கவே வேண்டாம் சாமி. என்னப் பாத்ததும் தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். கம்பியப் புடிச்சுக்கிட்டு அப்படியே கீழ உக்காந்துட்டான். செய்யாதவன் எதுக்கு அழணும்?"

"ஏதாவது சொன்னானா?"

"வாய் அசைஞ்சுது. ஒண்ணும் காதுல விழல. நடுவுல ரெண்டு கம்பி வலை, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. சந்தை தோத்துது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தெய்வசிகாமணி தலைகுனிந்தார். படிக்கட்டில் தொங்கும் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி காலமெல்லாம் கத்திச் சம்பாதித்த குரல் அது.

"வாய் தொறக்கல சாமி. மணி அடிச்சுட்டாங்க, வந்துட்டேன்."

"அந்த அம்மா முதல்ல சொல்லச் சொன்னாங்களே, அது?"

"எது சாமி?"

"கால் வீக்கம்."

அது தெய்வசிகாமணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குரு கையை நீட்டி அவர் தலையில் வைத்தார். ஆசீர்வாதம் போலிருந்தது. அல்ல. உள்ளங்கையால் அந்தத் தலையை முன்னும் பின்னுமாக மெல்லத் தடவினார். கட்டைவிரலால் மீசை இருந்த இடத்தையும் ஒருமுறை தொட்டார்.

மடத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சீடர்கள் தலையும் மீசையும் மழித்துக்கொள்வது வழக்கம். முந்தாநாள்தான் பௌர்ணமி போனது. அவருக்குக் காவி இன்னும் கொடுக்கவில்லை என்பதால் இடுப்பில் வெள்ளை வேட்டி.

"வாராவாரம் யார் வருவாங்க?" என்றார் குரு.

"அவங்கம்மா."

"இன்னிக்கு யார் வந்தது?"

தெய்வசிகாமணிக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கை தானாகத் தலைக்குப் போனது. பெற்றவள் செத்தால் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைக்க வேண்டியவன் பிள்ளை. பிள்ளை உள்ளே இருந்தால் புருஷன் வைப்பான்.

"ஐயோ! குஞ்சம்மா போயிட்டான்னு நெனச்சுட்டானே!"

எழுந்து ஓடினார். அறுபது வயசுக்காரர் ஓடுகிற ஓட்டமில்லை அது.

"சார், சார், ஒரு வார்த்தை. என் மகன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"மனு முடிஞ்சுது பெரியவரே. அடுத்த மனு புதன்கிழமைதான், அப்ப வாங்க."

"அதுவரைக்கும் தாங்கமாட்டான் சார். அவங்கம்மா உயிரோட இருக்கான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

வாசலில் எத்தனையோ விதமான கெஞ்சல்களைக் கேட்டுப் பழகியவன் அந்த வார்டர். இது புதுசாக இருந்தது.

"உயிரோட இருந்தா இருக்கட்டுமே. அத எதுக்கு அவன்கிட்ட போய்ச் சொல்லணும்?"

தெய்வசிகாமணி தன் தலையைக் காட்டினார்.

வார்டர் மொட்டையைப் பார்த்தான், மழித்த மீசையைப் பார்த்தான், வெள்ளை வேட்டியைப் பார்த்தான். அவனும் ஒரு தாய்க்குப் பிறந்தவன்தானே.

"அட பாவி மனுஷா! இந்தக் கோலத்துலயா உள்ள போனீங்க?"

பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனான். சின்னக் கதவு சாத்தப்பட்டது. தெய்வசிகாமணி அதையே வெறித்துக்கொண்டு நின்றார். உள்ளே பிள்ளை என்ன ஆனானோ, ஏதாவது செய்துகொண்டுவிட்டால் என்ன செய்வது என்று நெஞ்சு பதைத்தது. அவன் குற்றவாளியா இல்லையா என்கிற கேள்வி அப்போது அவருக்குள் இல்லவே இல்லை. குரு பக்கத்தில் வந்து நின்றார்.

கதவு திறந்தது.

"சொல்லிட்டேன். நம்பமாட்டேங்கறான்."

"ஏன் சார்?"

"சாவுச் சேதிய உள்ள இருக்கறவங்களுக்கு யாரும் நேரா சொல்றதில்ல பெரியவரே. முதல்ல நல்லா இருக்காங்கன்னுதான் சொல்லுவோம். அவனும் எத்தன பேருக்குப் பாத்திருப்பான்." வார்டர் குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி தனியா விடமாட்டோம். கூட ஆள் வெச்சுப் பாத்துக்கறோம். புதன்கிழமை அந்தம்மாவ எப்படியாவது கொண்டாந்து காட்டிடுங்க."

"தூக்கிக்கிட்டாவது வருவேன் சார்."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது தெய்வசிகாமணி நின்றார்.

"சாமி, அவன் அழுதது அந்தக் குத்தத்துக்கு இல்லையா?"

"இல்ல."

"அப்போ அவன் செய்யலயா?"

"அது எனக்குத் தெரியாது."

நாலடி நடந்தார்கள். தெய்வசிகாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பெத்த அப்பன் சாமி நான். என்னப் பாத்ததும் யாரு செத்துட்டான்னு நெனக்கறானே என் புள்ள. அவனுக்கு அந்தப் பயம் எப்பப் போகும்?"

குரு திரும்பிப் பார்த்தார்.

"புதன்கிழமை போங்க. அடுத்த வாரமும் போங்க. ஒரு சேதியும் இல்லாத வாரமெல்லாம் போங்க. உங்களப் பாத்ததும் யாரு செத்துதுன்னு அவனுக்குத் தோணாம போற வரைக்கும் போய்க்கிட்டே இருங்க ஐயா."