முதலில் யாரை எழுப்புவது?

ஜெபரத்தினம் மாஸ்டரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அவர் குச்சியைத் தூக்கினால் சபையில் இருமல்கூட நின்றுவிடும் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே யாருடைய வில்லில் முடி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அதெல்லாம் சும்மா. நான் அவர் மகள், எனக்குத் தெரியாதா?

நான் சொல்லப்போவது நான் பார்த்தது, இந்தக் காதால் கேட்டது. அப்பாவைப் பற்றிப் பெருமை பேச எனக்கு இது ஒன்று போதும்.

அப்பா சென்னையில் ஒரு பெரிய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கண்டக்டர். எல்லோரும் வாசிப்பார்கள், இவர் நடுவில் நின்று குச்சியை அசைத்து எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுபோவார். பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா கண்டக்டர்" என்று சொன்னால், "எந்த ரூட்டு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு நாள் அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"இருபத்தொன்பது சின்னு சொல்லு," என்றார்.

"அப்பா!"

"தப்பில்லைம்மா. நானும் விசில் குடுக்கிற ஆளுதான். வண்டியை ஓட்டுறது வேற ஆளுங்க."

வளர்ந்து அதே ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கச் சேர்ந்தேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். மகள் என்று ஒரு சலுகை கிடையாது. கடைசி நாற்காலி எனக்கு. மேடையின் பக்கத்திரை என் தோளில் உரசும். ஒரு நாள் ஒத்திகைக்குத் தாமதமாகப் போனேன், கதவைச் சாத்திவிட்டார். ஒத்திகை முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி வஞ்சிரத்தில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தார்.

"இந்தப் பாசத்தை அங்கேயே காட்டியிருக்கலாம்," என்றேன்.

"உன்னை உள்ளே விட்டா, நாளைக்கு யாரை வெளியே நிறுத்துவேன் எப்சி?"

மனுஷர் அப்படி. கோபம் வரும், மறைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஆளுக்கொரு நியாயம் என்று இரண்டு தட்டு வைத்துப் பரிமாறுகிற ஆள் இல்லை.

தியோடர் அப்பாவின் சீடர். நாகர்கோவில்காரர், லண்டனில் படித்துவிட்டு வந்தவர். காது என்றால் அப்படி ஒரு காது. பின்வரிசையில் ஒருவர் அரை இழை சுருதி இறங்கினாலும் முகத்தைச் சுளித்துவிடுவார். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்து, இனி விலகிக்கொள்வது என்று முடிவானபோது, அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று பம்பாய்க்காரர். இன்னொன்று தியோடர். முடிவு எடுக்க வேண்டியது ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் டிரஸ்ட்.

தியோடருக்கு அந்த இடம் வேண்டும். சோறு தின்னும்போதும் அதே நினைப்புதான். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கச்சேரி வந்தது. அப்பாதான் நடத்தினார். நாலு பாகம் கொண்ட நீளமான சிம்பனி. அதன் முதல் சத்தமே தனி ஹார்ன். வண்டி ஹார்ன் இல்லை. முறுக்குப் போலச் சுருண்ட பித்தளைக் குழாய். ஊதுகிறவர் பாக்கியநாதன் அண்ணன். போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்று எங்களோடு சேர்ந்தவர். நல்ல வாசிப்பு. ஆனால் ஹார்ன் பொல்லாதது. உதடு ஒரு மயிரிழை பிசகினால் சத்தம் உடைந்து தொண்டை கட்டினாற்போல வெளியே வரும்.

அன்று உடைந்தது. அரங்கம் நிறைய ஆள், முதல் சத்தமே கிழிந்துபோனது. அப்பாவின் குச்சி அதுபாட்டுக்கு நகர்ந்தது. கடைசிப் பாகத்தில் ஹார்னுக்கு ஒரு பெரிய இடம் வரும். அதில் பாக்கியநாதன் அண்ணன் வெளுத்து வாங்கிவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கச்சேரி முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. தனியாக வாசித்தவர்களைக் கண்டக்டர் ஒவ்வொருவராகக் கைகாட்டி எழுப்புவார். அவரவருக்குத் தனியாகக் கைதட்டு கிடைக்கும். அதன் பிறகு இரண்டு கையையும் தூக்குவார், எல்லோரும் எழுவோம். அன்று புல்லாங்குழல்காரர் பிரமாதமாக வாசித்திருந்தார். செல்லோவும் அப்படித்தான். அப்பா முதலில் பாக்கியநாதன் அண்ணனை எழுப்பினார்.

அவர் தயங்கித் தயங்கித்தான் எழுந்தார். ஜனம் கைதட்டியது.

தியோடருக்குத் தாங்கவில்லை. அப்பா கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுப்பதற்குள் ஒப்பனை அறைக்கு வந்துவிட்டார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அவர் ஆரம்பத்தையே கெடுத்துட்டார். அவரைப் போய் ஏன் முதல்ல எழுப்பினீங்க?"

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசக் கச்சேரியை நீ நடத்து," என்றார். "இதே சிம்பனி. இதே ஆளுங்க. டிரஸ்டிலேருந்தும் வரச் சொல்றேன். அவங்க முடிவு பண்ண வசதியா இருக்கும்."

தியோடர் கேட்ட கேள்வியையே மறந்துவிட்டார். போகும்போது வாசல் நிலையில் இடித்துக்கொண்டு போனார்.

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. இப்போதும் சொல்வேன், தியோடருக்குத் தெரிந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இடைவேளையில் எங்களோடு டீ குடிப்பார், லண்டன் கதைகள் சொல்வார். கண்டக்டர் எல்லோரையும் எழச் சொல்லும்போது ஆர்கெஸ்ட்ரா எழாமல் உட்கார்ந்துகொள்ளுமாம். வில்லால் இசைத்தாள் ஸ்டாண்டைத் தட்டுமாம். இந்தக் கைதட்டு முழுக்க உங்களுக்குத்தான், எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அர்த்தமாம். ஒரு கண்டக்டருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாதாம். சொல்லும்போதே அவர் கண் மின்னியது.

மூன்றாவது ஒத்திகையில் ஹார்ன் மறுபடி உடைந்தது. தியோடர் எல்லோரையும் நிறுத்தினார்.

"பாக்கியநாதன் சார், இந்த ஒரு சத்தத்தை நம்பித்தான் மொத்தக் கச்சேரியும் இருக்கு. உங்களால முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடுங்க."

எல்லோர் கண்ணும் ஹார்ன் பக்கம் திரும்பியது.

"முடியும் சார்," என்றார் பாக்கியநாதன் அண்ணன். தன் மகன் வயதுப் பையனை அவர் அன்றுதான் சார் என்று கூப்பிட்டார்.

அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?"

"நல்லா இல்லை. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவன் ஒத்திகைக்குள்ள நான் புகுந்தா, அப்புறம் அது யாரோட ஒத்திகை? அவனுக்கு இருக்கிறது இந்த ஒரு கச்சேரிதான்."

கோபத்தில் அன்று நான் காபி போடவில்லை.

கச்சேரி நாள் வந்தது. டிரஸ்ட் தலைவர் தனசிங் ஐயா முன்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அப்பா சபையில் உட்காரவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

தியோடர் குச்சியைத் தூக்கினார். ஹார்ன் உடைந்தது. போன முறையைவிட மோசமாகவே உடைந்தது.

தியோடர் ஒரு பார்வை பார்த்தார். அதோடு சரி, அதன் பிறகு அவர் ஹார்ன் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிப் பாகத்தில் அந்தப் பெரிய இடம் வந்தபோதும் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் கண் காட்டாவிட்டால் ஊதுகிறவருக்குக் காலடியில் தரை இருக்காது. பாக்கியநாதன் அண்ணன் உள்ளே வந்தார், ஆனால் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தார். சபைக்கு அது தெரியவில்லை. மற்றதெல்லாம் அத்தனை நேர்த்தி. தியோடரின் உழைப்பு, வேறென்ன. முடிந்ததும் அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள்.

தியோடர் புல்லாங்குழலை எழுப்பினார். செல்லோவை எழுப்பினார். கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் எல்லாம் ஆனது. ஹார்னைத் தாண்டிப் போய்விட்டார்.

எழுந்தவர்களெல்லாம் உட்கார்ந்தபின் இரண்டு கையையும் தூக்கி எங்கள் எல்லோரையும் எழச் சொன்னார்.

பாக்கியநாதன் அண்ணன் ஹார்னை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தியோடர் கை தூக்கியதை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்து டிரம்பெட்காரர் அவரைப் பார்த்தார், எழவில்லை. புல்லாங்குழல்காரர் திரும்பிப் பார்த்தார், அவரும் எழவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அப்படியே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அப்பா பின்னாலிருந்து பார்க்கிறார் என்று தெரிந்தும் நானும் உட்கார்ந்திருந்தேன்.

தியோடர் மறுபடி கையைத் தூக்கினார். யாரும் அசையவில்லை. அவர் முகம் மாறியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அவருக்கு லண்டன் கதை நினைவுக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஒரு வில்கூட ஸ்டாண்டில் தட்டவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

சபை அதைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டியது. தியோடர் கண் கலங்கித் திரைக்குப் பின்னால் போனார். கண்டக்டர் அப்படி உள்ளே போய்ப் போய்த் திரும்பி வருவதுதான் முறை. சபை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தனசிங் ஐயா பக்கப் படியேறி மூச்சு வாங்க வந்துவிட்டார். எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"மாஸ்டர், இனிமே கூட்டம் போட்டு என்ன பேசறது?" என்றார் தனசிங் ஐயா. "ஆர்கெஸ்ட்ராவே சொல்லிட்டாங்க. நானும் வெளிநாட்டுல ஒரு தடவை பார்த்திருக்கேன், இந்த மரியாதை யாருக்கும் லேசுல கிடைக்காது. தம்பிதான் அடுத்த கண்டக்டர்."

தியோடர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாஸ்டர்."

"நல்லா நடத்தினே," என்றார் அப்பா. அதில் பொய் இல்லை.

"நான் எதிர்பார்க்கவே இல்லை மாஸ்டர். இப்படி உட்காருவாங்கன்னு." தியோடர் மறுபடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கு எத்தனை தடவை உட்கார்ந்திருப்பாங்க?"

"ஒரு தடவைகூட இல்லை."

தனசிங் ஐயா சிரித்துவிட்டார். "தன்னடக்கத்தைப் பாருங்க!"

"தன்னடக்கம் இல்லைங்க. நிஜம்."

"அது எப்படி மாஸ்டர்?" என்றார் தியோடர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உங்களுக்கு இல்லாத மரியாதையா? ஏன் உட்காரலை?"

அப்பா திரையைக் கொஞ்சம் விலக்கினார். அவர் விரல் என் தோளில் பட்டது. அங்கிருந்து பார்த்தால் நேராக ஹார்ன் வரிசைதான்.

"நான்தான் முதல்ல பாக்கியநாதனை எழுப்பிடுவேனே," என்றார். "அவர் எழுந்த பிறகு மத்தவங்க எப்படிப்பா உட்கார்ந்திருப்பாங்க?"

தியோடர் அந்த இடைவெளி வழியாகப் பார்த்தார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நெஞ்சில் வைத்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. தனசிங் ஐயா இன்னும் சிரித்த முகத்தோடுதான் நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். அப்பா நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே அவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கலாம். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷர், அப்போதும் சீடனுக்கு மட்டும் விளங்குகிற மாதிரிதான் சொன்னார். இவர் என் அப்பா என்று அந்தச் சபையைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

"போங்க தம்பி, கூப்பிடறாங்க," என்றார் தனசிங் ஐயா.

தியோடர் நகரவில்லை. அப்பாவின் பக்கம் குனிந்தார். அவருக்கும், திரையருகே இருந்த எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும் மாஸ்டர்?"

அப்பா சபைப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"கைதட்டு இன்னும் நிக்கலையே," என்றார்.